கரண்ட் கட் ஆகும் முன் 20 நாள்: மின் கட்டண நிலுவையும் இணைப்புத் துண்டிப்பும்

மார்ச் மாதம், இரவு எட்டு மணி இருக்கும். மாடி வீட்டு அக்கா கையில் செல்போனோடு இறங்கி வந்தார். "தம்பி, இந்த ஆப்பை எப்படி இறக்குறதுன்னு கொஞ்சம் பாரேன். ஒன்பதரைக்கு கரண்ட் கட் பண்ணிடுவாங்களாம்" என்றார். அவருடைய மகளுக்கு மறுநாள் பிளஸ் டூ கணக்குத் தேர்வு. வீடே பதற்றத்தில் இருந்தது.

செய்தியை வாங்கிப் பார்த்தேன். 'போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின்வாரிய அதிகாரியை அழைக்கவும்' என்று எழுதி, கீழே ஒரு பத்து இலக்க செல்போன் எண் கொடுத்திருந்தார்கள். அக்கா அந்த எண்ணுக்குப் பேசியும் விட்டார். எதிர்முனையில் இருந்தவர், ஒரு செயலியை இறக்கி அதன் வழியாகப் பத்து ரூபாய் மட்டும் கட்டினால் போதும் என்று பணிவாகச் சொல்லியிருக்கிறார். செல்போன் திரையை வேறொருவர் தூரத்தில் இருந்தே பார்க்க உதவும் செயலி அது. இறக்கியிருந்தால் பத்து ரூபாயோடு நின்றிருக்காது.

இந்த மோசடி புதிதல்ல. 2022-லேயே தமிழ்நாடு காவல்துறையும் மின்வாரியமும் இதைப் பற்றி எச்சரித்தன. ஆனாலும் இன்றும் ஆட்கள் சிக்குகிறார்கள். ஏமாறுபவர்கள் படிக்காதவர்கள் என்று நினைக்க வேண்டாம், அந்த அக்கா பட்டதாரி. நிலுவை இருந்தால் இணைப்பு எப்படி, எப்போது, யாரால் துண்டிக்கப்படுகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அது தெரிந்தவருக்கு 'இன்றிரவு 9.30' என்று படித்ததுமே சந்தேகம் வந்திருக்கும்.

அந்த நடைமுறையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அட்டையில் எழுதுவதே நோட்டீஸ்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. கணக்கீட்டாளர் வருவார், மீட்டரைப் பார்ப்பார், யூனிட்டையும் தொகையையும் பதிவு செய்வார். வெள்ளை அட்டை வைத்திருக்கும் வீடுகளில் அதிலும் எழுதுவார். 'ரீடிங் எடுக்க ஆள் வந்தாச்சா?' என்று பக்கத்து வீட்டில் கேட்பது இதைத்தான்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பதிவுதான் பில், நோட்டீஸும் அதுவே. தனியாக ஒரு கடிதம் வீடு தேடி வரும் என்று காத்திருக்கக் கூடாது. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். 3-ஆம் தேதி கணக்கெடுத்தால் 23-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இந்த 20 நாளை யாரும் தோராயமாக முடிவு செய்யவில்லை. மின்சாரச் சட்டம் 2003-இன் பிரிவு 56, கட்டணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 முழு நாள் எழுத்துப்பூர்வ அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. 'முழு நாள்' என்றால் அறிவிப்பு தந்த நாளும் துண்டிக்கும் நாளும் கணக்கில் சேராது. கட்டுவதற்கான முதல் ஐந்து நாளோடு இந்த 15 நாளும் சேர்ந்துதான் 20 ஆகிறது.

அவகாசம் முடிந்த பிறகு, பணம் வராத இணைப்புகளின் பட்டியல் கணினியிலிருந்து வரும். யார் பெயர் வர வேண்டும் என்று பிரிவு அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. கட்டணம் பதிவாகவில்லை என்றால் எண் பட்டியலில் ஏறிவிடும். அதை எடுத்துக்கொண்டு ஊழியர் பகலில் வேலை நேரத்தில் நேரில் வருவார், மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் கேரியரை எடுத்துவிடுவார். 'ஃபியூஸைப் பிடுங்கிட்டாங்க' என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். செல்போனில் மிரட்டிவிட்டு ராத்திரி ஒன்பதரைக்குத் துண்டிக்கும் வேலை இதில் எங்கேயும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்த 100-க்குள் முடித்துக்கொள்ளும் வீடுகளுக்குக் கட்ட வேண்டிய தொகையே கிடையாது. அக்காவின் அட்டையை வாங்கிப் பார்த்தால் கடைசிக் கணக்கு 92 யூனிட், தொகை பூஜ்யம். இல்லாத பில்லுக்குத்தான் அவரை மிரட்டியிருக்கிறார்கள்.

"அப்போ எனக்கு ஏன் ஈபியில இருந்து மெசேஜே வர்றதில்லை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தேடிப் பார்த்ததில், இணைப்போடு பதிவாகியிருந்தது அவர் கணவரின் எண். கணவர் இறந்து நாலு வருடம் ஆகிறது, அந்த சிம்மும் ரீசார்ஜ் இல்லாமல் செயலிழந்துவிட்டது. உண்மையான குறுஞ்செய்தி ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. அதனால்தான் பொய்யான செய்தி அவருக்கு உண்மை போலத் தெரிந்திருக்கிறது.

உங்கள் வீட்டு இணைப்பில் யாருடைய எண் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெரும்பாலும் ஓனரின் எண்தான் இருக்கும். அவர் வெளியூரில் இருந்துகொண்டு வரும் செய்தியைப் பார்க்காமல் விட்டால், இருட்டில் உட்காருவது நீங்கள். அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ பிரிவு அலுவலகத்திலோ எண்ணை மாற்றிக்கொள்ளலாம். இணைப்பே இறந்தவர் பெயரில் இருந்தால், வாரிசு ஆவணங்களோடு பெயர் மாற்றத்துக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

கட்டிட்டேனே, அப்புறம் எப்படி?

மறந்து போவதால் மட்டும் துண்டிப்பு வருவதில்லை. கட்டியவர்களுக்கும் நடக்கிறது. எங்கள் வீட்டிலேயே நடந்தது. அப்பா செல்போன் செயலியில் பணம் கட்டினார், ரசீதும் வந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் ஃபியூஸ் இல்லை. அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறி, ரசீதோடு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர் கட்டியது கீழ்வீட்டு சர்வீஸ் நம்பருக்கு. கீழ்வீட்டுக்காரர் அந்தத் தடவை 'யாரோ புண்ணியவான் கட்டிட்டாங்க' என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்!

மின் இணைப்பு எண் நீளமானது. முதலில் மண்டலக் குறியீடு, பிறகு பிரிவு, அடுத்து பகிர்மானம், கடைசியில் உங்கள் இணைப்பு எண். ஒரே கட்டடத்தில் இருக்கும் வீடுகளுக்குக் கடைசி ஓரிரு இலக்கம் மட்டுமே மாறும். அதனால் செயலியில் எண்ணைப் போட்டதும் திரையில் வரும் பெயரைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பெயர் உங்கள் வீட்டு அட்டையில் உள்ளதுதானா? இரண்டு நொடி வேலை.

அடுத்தது, வங்கிக் கணக்கில் பணம் போய்விட்டது, ஆனால் மின்வாரியக் கணக்கில் ஏறவில்லை என்ற சிக்கல். கடைசி நாள் இரவில் கட்டுபவர்களைத்தான் இது அதிகம் படுத்துகிறது. இதற்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதி ஒன்று இருக்கிறது. யுபிஐ மூலம் ஒரு நிறுவனத்துக்குக் கட்டிய பணம் அங்கே போய்ச் சேராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் அது தானாகவே உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதற்கும் மேல் தாமதமானால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு உண்டு. பணம் திரும்பக் கிடைத்துவிடும் என்பது சரிதான். ஆனால் அந்த ஐந்து நாளில் உங்கள் எண் நிலுவைப் பட்டியலுக்குள் போய்விடலாம். வங்கியின் குறுஞ்செய்தியை மட்டும் நம்பாமல், மின்வாரிய இணையதளத்தில் 'நிலுவை இல்லை' என்று காட்டுகிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். 20-ஆவது நாள் வரை காத்திருக்காமல் பத்தாவது நாளே கட்டச் சொல்வது இதற்காகத்தான்.

பிள்ளைகள் வெளிநாட்டில், வீடு ஊரில் பூட்டிக் கிடக்கிறது என்ற நிலையும் இப்போது அதிகம். பூட்டியிருந்தாலும் கணக்கு நிற்காது. முந்தைய பயன்பாட்டின் சராசரியை வைத்துத் தொகை போடப்படும், அதற்கும் கடைசித் தேதி உண்டு. முன்பணம் கட்டி வைக்கும் வசதியும், வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் வசதியும் இவர்களுக்குத்தான் பொருத்தம். தானாகக் கழியும் வசதியை வைத்தவர்கள் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் இல்லாமல் அது தோற்றால், கட்டாததற்குச் சமம்.

புயல், வெள்ளக் காலங்களில் அரசே அவகாசத்தை நீட்டிப்பது உண்டு. 2020 ஊரடங்கில் நடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் நடந்தது. ஆனால் அது அறிவிப்பு வந்தால் மட்டும்.

பில்லே தப்பு என்றால்

இதுதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி.

எப்போதும் 1,200 ரூபாய் சுற்றி வரும் வீட்டுக்குத் திடீரென்று 18,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் கோளாறாக இருக்கலாம், ரீடிங்கில் ஒரு இலக்கம் மாறியிருக்கலாம். என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பயந்து போய்க் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். இல்லையென்றால், 'தப்பான பில்லை நான் ஏன் கட்டணும்?' என்று புகார் மனு ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். இரண்டாவது வழியில் ஃபியூஸ் போய்விடும். புகார் கொடுத்தது கணினிக்குத் தெரியாது, பணம் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

சட்டம் மூன்றாவதாக ஒரு வழியைத் தருகிறது. அதே பிரிவு 56 சொல்வது இது: கேட்கப்படும் முழுத் தொகை, அல்லது முந்தைய ஆறு மாதத்தில் நீங்கள் கட்டிய சராசரியின்படி வரும் தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதை 'எதிர்ப்புத் தெரிவித்து' செலுத்தினால், தகராறு தீரும் வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

கணக்கைப் பார்ப்போம். ஆறு மாதம் என்றால் நமக்கு மூன்று பில். 1,100, 1,300, 1,200 என்று கட்டியிருந்தால் மொத்தம் 3,600. மாதத்துக்கு 600 ஆகிறது, இரண்டு மாத பில்லுக்கு 1,200. 18,000-ஐ விட இது குறைவு. ஆகவே 1,200 ரூபாயை எதிர்ப்போடு செலுத்துகிறேன், பில் தொகை குறித்து எனக்கு ஆட்சேபம் உள்ளது, மீட்டரைப் பரிசோதிக்கக் கோருகிறேன் என்று உதவிப் பொறியாளருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நகலில் தேதியோடு ஒப்புதல் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். இதை ஆன்லைனில் செய்ய முடியாது, நேரில்தான் போக வேண்டும். 20 நாளுக்குள் போக வேண்டும் என்பதும் முக்கியம். ஃபியூஸ் போன பிறகு இந்தப் பாதுகாப்பைக் கேட்பதால் பெரிய பலன் இல்லை.

பிரிவு அலுவலகத்தில் தீரவில்லை என்றால், மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகம் இருக்கும் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றம் இயங்குகிறது. அதன் முடிவிலும் திருப்தி இல்லாவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டுக்கும் வக்கீல் வைத்துத்தான் போக வேண்டும் என்ற அவசியம் இல்லை, நீங்களே மனு எழுதலாம். வழிகாட்டுதல் வேண்டுமென்றால் 24 மணி நேர மின்னகம் சேவை மையம் 94987 94987 என்ற எண்ணில் இருக்கிறது.

பழைய பாக்கி விஷயத்திலும் ஒரு குழப்பம் ஊரில் உலவுகிறது. 'ரெண்டு வருஷம் தாண்டிட்டா பழைய பாக்கியைக் கேட்கவே முடியாது' என்பார்கள். பாதி உண்மை. தொகை முதன்முதலில் செலுத்த வேண்டியதாகி இரண்டு ஆண்டு கடந்தும், இடைப்பட்ட பில்களில் அது தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்படாமல் இருந்தால், அதற்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது. ஆனால் வேறு சட்ட வழிகளில் வசூலிக்கும் உரிமை இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2020-இலும் 2023-இலும் சொல்லியிருக்கிறது. இவையெல்லாம் சாதாரண நிலுவைக்குப் பொருந்துபவை. மின் திருட்டு விவகாரம் முற்றிலும் வேறு, அதற்குப் பிரிவும் வேறு.

ஃபியூஸ் போன பிறகு

முதலில், நீங்களாக ஃபியூஸ் போடாதீர்கள். ஒரு கம்பியைச் சுற்றி மாட்டிவிட்டு, அப்புறம் பணம் கட்டிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். துண்டிக்கப்பட்ட இணைப்பை அனுமதியில்லாமல் மீண்டும் இணைப்பது மின்சாரச் சட்டம் பிரிவு 138-இன்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரத்துச் சொச்ச ரூபாய் பில்லுக்கு வாங்கிக்கொள்ளும் வம்பு இது.

நிலுவையை மறு இணைப்புக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ரசீதின் படத்தோடு பிரிவு அலுவலகத்துக்கோ மின்னகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். ஃபியூஸ் மாட்ட ஆள் நேரில் வர வேண்டும் என்பதால் தகவல் சொல்வது உங்களுக்குத்தான் நல்லது. மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால், நீங்கள் கட்டிய வைப்புத்தொகையில் பாக்கியைக் கழித்துக்கொண்டு ஒப்பந்தத்தையே முடித்து மீட்டரைக் கழற்றிவிடுவார்கள். அதன் பிறகு புதிய இணைப்புக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பழைய வீடு வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன மின் பாக்கியை, புதிதாக இணைப்பு கேட்பவரிடம் கேட்க வழி உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம், கேரள மாநில மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் உறுதி செய்தது. வில்லங்கச் சான்று பார்க்கிறோம், வீட்டு வரி ரசீது பார்க்கிறோம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த இணைப்பு எண்ணைப் போட்டு நிலுவையையும் பார்த்துவிடுங்கள். நீண்ட நாளாக இணைப்பே இல்லாத வீடு என்றால் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆளே வராமல் கட் ஆகும் காலம்

இதுவரை சொன்னதில், கடைசிக் கட்டத்தில் ஒரு மனிதர் வருகிறார். அவரிடம் ரசீதைக் காட்டலாம், 'சார், இப்பத்தான் கட்டினேன்' என்று சொல்லலாம். ஸ்மார்ட் மீட்டரில் அது இல்லை. மீட்டருக்குள்ளேயே சுவிட்ச் இருக்கிறது, தூரத்திலிருந்து கட்டளை வந்தால் இணைப்பு நின்றுவிடும். தமிழ்நாட்டில் சென்னை தியாகராய நகரில் சீர்மிகு நகரத் திட்டத்தில் இந்த வகை மீட்டர்கள் பொருத்தப்பட்டன. நம் வீடுகளுக்கு இன்னும் பயன்படுத்திவிட்டுப் பின்னால் கட்டும் முறைதான் என்பதால் 20 நாள் கணக்கில் மாற்றம் இல்லை.

முன்பணம் போட்டுப் பயன்படுத்தும் மீட்டர் வந்தால் கதை வேறு. மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020 இதைப் பற்றிச் சொல்வதைக் கவனியுங்கள்: போட்ட பணம் தீர்ந்ததும் மீட்டர் தானாக மின்சாரத்தை நிறுத்தும்; இது 'துண்டிப்பு' என்று கருதப்படாது; ரீசார்ஜ் செய்ததும் திரும்ப வரும். துண்டிப்பு என்று கருதப்படாததால், அந்த 15 நாள் அறிவிப்புக்கும் அங்கே வேலை இருக்காது. இருப்பு எவ்வளவு என்பதை நாமேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கணினிக்கும் தவறு நேரும். 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி நாளில், உத்தரப் பிரதேசத்தில் தவறாகப் போன ஒரு கட்டளையால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களில் மின்சாரம் நின்றது. பாக்கி வைத்தவர், வைக்காதவர் என்ற பாகுபாடே இல்லை. அதன் பிறகு அங்கே புதிய மீட்டர் பொருத்துவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். தானாக நடக்கும் எந்த முறையிலும் நம் பக்கத்துச் சான்று ரசீதுதான். அதைச் செல்போனில் படமாகவாவது வைத்திருங்கள்.

மாடி வீட்டு அக்கா மறுநாள் காலை, மகளைத் தேர்வுக்கு அனுப்பிவிட்டு, முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் அந்த மோசடி எண்ணைத் தெரிவித்தார். பிறகு பிரிவு அலுவலகத்துக்குப் போய்த் தன் செல்போன் எண்ணைப் பதிவு செய்தார். பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்றிதழ் நகல் குறைகிறது என்றார்கள். அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்.